அப்பாவின் கெண்டைக்காலில் வந்த வீக்கம்

ஏற்காட்டில் மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணி சரிந்து விழுந்ததில் அப்பாவின் தொடை எலும்பு முறிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குக் கொண்டுவந்தோம். எலும்புக்குள் கம்பி வைத்த மறுநாள் முதல் வயிற்றுத் தோலுக்கடியில் தினமும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போட்டார்கள். “அடிபட்டது காலில், வயிற்றில் எதற்கு ஊசி?” என்று அப்பா எங்களிடம் கேட்டார், நாங்கள் அதை மருத்துவரிடம் கேட்கவில்லை. வீட்டிலும் தொடரும்படி சீட்டில் எழுதியிருந்தும், மலையில் ஊசி போட ஆள் இல்லையென்று நாங்களாகவே நிறுத்திவிட்டோம். அந்தத் தவறு முழுக்க எங்களுடையது.

மூன்றாம் வாரம் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. முறிந்த கால் வீங்கத்தானே செய்யும் என்று அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, படுத்திருக்கும்போதே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்றார். தை மாதக் குளிர் என்று எண்ணி விடியும்வரை காத்திருந்தோம். அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

சேலத்தில் மருத்துவர் முதலில் இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்தார். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், தொடையின் சிரையில் (இதயத்துக்குத் திரும்பும் இரத்தக் குழாயில்) இரத்தம் உறைந்திருப்பதும், சி.டி. ஸ்கேனில் அதன் துண்டொன்று நுரையீரலுக்குப் போய் அடைத்திருப்பதும் தெரிந்தன. நடக்கும்போது கெண்டைத் தசைதான் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது என்றும், படுத்தே கிடந்தால் அது தேங்குகிறது என்றும், எலும்பு முறிகையில் இரத்தக் குழாயின் சுவரும் அடிபட, காயத்துக்குப் பின் இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது என்றும் அவர் விளக்கினார். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அப்பாவிடம் சேர்ந்திருந்தன. வீங்கிய காலைத் தேய்த்தால் உறைவு பெயர்ந்துவிடலாம் என்று அவர் சொல்லக் கேட்டபோது அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எல்லோருக்கும் ஊசிதான் என்றும் இல்லை. அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் எலும்பு முறிந்த 12,211 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிடமும் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடமும் 90 நாட்களுக்குள் நேர்ந்த உயிரிழப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். காலில் உறைவு மட்டும் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குச் சற்று அதிகமாக வந்தது. ஊசி போட ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மருத்துவர் அப்பாவுக்குப் பொருந்தும் மாற்று வழியை யோசித்திருப்பார்.

இரண்டாம் முறை வீடு திரும்பியபின், அவர் எழுதித் தந்த மாத்திரையை நாள் தவறாமல் நானே கொடுத்தேன். தினமும் காலையில் தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து, சமையலறை நாட்காட்டியில் தேதிக்குக் கீழே எழுதி வந்தேன்.