ஸ்நூக்கர் ஆகிவிட்டது: மறைப்பா, மறிப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஸ்நூக்கர் ஆட்டத்தில், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்துக்கும் முதலில் தொட வேண்டிய பந்துக்கும் நடுவில் வேறொரு பந்து வந்து நிற்கும் நிலையையும் "ஸ்நூக்கர்" என்றுதான் சொல்கிறோம். அந்த நிலைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> "மறைப்பு" போதுமே. வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுவில் வேறொரு பந்து நின்று மறைக்கிறது. எல்லாருக்கும் புரியும் சொல்.

போன வாரம் வரை நானும் இந்தப் பக்கம்தான் இருந்தேன் ஐயா. ராயபுரத்தில் நாங்கள் ஆடும் கூடத்தின் சுவரில் மாட்டுவதற்காக ஸ்நூக்கர், பூல் வகை ஆட்டங்களான எயிட் பால், நைன் பால் மூன்றின் விதிகளையும் தமிழில் எழுதி வருகிறோம் அல்லவா, அந்தத் தாளிலும் முதலில் "மறைப்பு" என்றுதான் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை அடித்துவிட்டேன்.

கல்மண்டபத்திலிருந்து ஒரு பையன் புதிதாக வருகிறான். கேரம் ஆடிப் பழகிய கை. நம் பக்கத்துக் கேரமைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. மரிய இருதயம் காலத்திலிருந்து 2024-இல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வென்ற காசிமா வரை எல்லாரும் அறிந்ததுதான். அந்தப் பையனுக்கும் கோணம் பார்க்கும் கண் அப்படியே இருக்கிறது. சிவப்பை அடிக்க வேண்டிய முறை. வெள்ளை போய் மஞ்சளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நின்றுவிட்டது. அவன் தயங்கவே இல்லை. மஞ்சளையே தட்டினான், மஞ்சள் போய்ச் சிவப்பைத் தொட்டது. கேரமில் இது நல்ல ஆட்டம். எதிராளியின் காயினை முதலில் தொட்டாலும் குற்றமில்லை, ஸ்ட்ரைக்கர் குழியில் விழாமல் இருந்தால் சரி. ஸ்நூக்கரில் அதற்கு 4 புள்ளி எதிராளிக்குப் போனது.

"ஏண்ணா?" என்றான். முதலில் சிவப்பைத்தான் தொட வேண்டும், மஞ்சள் மறைத்தால் மேசை ஓரத்துக் குஷனில் ரீபவுண்ட் எடுத்துப் போக வேண்டும் என்றேன். அவன் மேசை மேல் குனிந்து கோலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "செவப்பு நல்லாத்தான் தெரிதுண்ணா. இந்த மஞ்சா மறிச்சிக்கினு கீது."

அதற்குப் பிறகு எனக்கு "மறைப்பு" எழுத வரவில்லை. மேசைக்கு மேலே நின்று பார்ப்பவனுக்கு எந்தப் பந்தும் மறைவதில்லை. தெரிவது தெரியாததில் இல்லை விஷயம். வெள்ளை நேர்கோட்டில் உருண்டு போக இடம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். மறைப்பது கண்ணை, மறிப்பது வழியை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

விதியை அதன் சொற்படியே எடுத்துப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். எதிராளி குற்றம் செய்த பிறகு, நம் முறைக்குரிய பந்தின் இரண்டு ஓரங்களையும் வெள்ளையால் நேராகத் தொட முடிகிறதா என்று நடுவர் குனிந்து பார்க்கிறார். ஒரே ஓரத்தை மட்டும் தொட முடிந்தாலும் அது ஸ்நூக்கர்தான். பந்தில் முக்கால் பாகம் கண்ணுக்கு நேரே இருக்கும், இருந்தும் ஸ்நூக்கர். இதை "மறைந்திருக்கிறது" என்று எழுதினால் ஆடுகிறவன் சண்டைக்கு வருவான், வருவது நியாயமும்கூட. "மறிபட்டிருக்கிறது" என்றால் சண்டையே வராது. சிவப்புகள் பல இருக்கும்போது அவற்றில் ஒன்றாவது இரு ஓரமும் தொடும்படி இருந்தால் மறிப்பு இல்லை. குழியின் ஓரத்தில் குஷன் வளைவு இடித்துக்கொண்டு வழி இல்லாமல் போனால், அதுவும் மறிப்புக் கணக்கில் வராது. மறிக்கிற வேலை வேறொரு பந்துக்கு மட்டுமே உரியது. இந்தக் கட்டுப்பாட்டை எந்தச் சொல்லும் தானாகச் சுமக்காது, விளக்கத்தில்தான் எழுத வேண்டும்.

> விளையாட்டின் பெயரே ஸ்நூக்கர். அதையே வைத்துக்கொண்டால் என்ன குறை?

விளையாட்டின் பெயராக இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, புதிதாகச் சேர்ந்த ராணுவ மாணவர்களைக் கேலியாக அழைக்கும் சொல்லைத்தான் பெயராக்கினார் என்பது பலரும் சொல்லும் வரலாறு. அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எயிட் பாலிலும் நைன் பாலிலும் இதே நிலை வருகிறதே. எயிட் பாலில் 1 முதல் 7 வரை ஒரு கூட்டம், பட்டை போட்ட 9 முதல் 15 வரை இன்னொன்று. நம் கூட்டத்துப் பந்தை முதலில் தொட வேண்டும். நைன் பாலில் மேசையில் இருப்பதிலேயே சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும். ஒரே தாளில் "நைன் பாலில் ஸ்நூக்கர் ஆனால்" என்று எழுதினால், புதிதாக வருகிறவன் எந்த ஆட்டம் எந்த ஆட்டத்துக்குள் வந்தது என்று குழம்புவான்.

நைன் பாலில் இந்த நிலைக்கென்றே ஒரு விதி உண்டு. முதல் அடியில் பந்துகள் சிதறி, அதிர்ஷ்டக் கேடாக 1-ஆம் எண்ணுக்கு வழியே இல்லாமல் போகலாம். அப்போது அடுத்த அடியை ஆடுகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எந்தப் பந்தையும் தொடாமல்கூட வெள்ளையை வேறிடத்துக்குத் தள்ளலாம். அங்கிருந்து ஆடுவதா, அவரையே ஆடவிடுவதா என்பது எதிராளியின் விருப்பம். "மறிப்பு" இருந்தால் இந்த விதியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

"மறியல்" என்று ஒரு தோழர் சொன்னார். வேர் சரிதான். ஆனால் நம் ஊரில் மறியல் என்றால் ஆட்கள் கூடித் திட்டமிட்டுச் சாலையில் உட்காருவது. மேசையில் பாதி நேரம் யாரும் நினைக்காமலே நடந்துவிடுகிறது. "முடக்கம்" வேண்டாம், ரீபவுண்டில் தப்பிக்க முடிகிற ஆளை முடங்கியவர் என்று எப்படிச் சொல்வது?

சேர்ந்து வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தொட வேண்டிய பந்து: முறைப்பந்து. "இலக்குப்பந்து" என்றால் குழியில் போட நினைக்கும் பந்தோடு கலந்துவிடும், நைன் பாலில் இரண்டும் வேறாக இருக்கலாம். ஸ்நூக்கரில் குற்றத்தால் மறிபட்டவர், முறைப்பந்துக்குப் பதிலாகத் தாமே பெயர் சொல்லி எடுக்கும் பந்து: மாற்றுப்பந்து. அதற்கு முறைப்பந்தின் மதிப்பே கிடைப்பதால் பெயர் பொருந்துகிறது. நீலத்தைச் சிவப்புக்கு மாற்றாக எடுத்துப் போட்டால் 5 இல்லை, 1-தான். பூலில் குற்றத்துக்குப் பிறகு வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைப்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. "கைப்பந்து" வாலிபாலுக்குப் போய்விட்டது.

கூடத்தில் இதை வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. "மறிச்சிட்டான்", "மறிப்புல மாட்டிக்கினேன்", "மறிப்பை எடுத்துட்டான்" எல்லாம் இரண்டு நாளிலேயே நாக்கில் ஏறிவிட்டன. எனக்கு அதுதான் பெரிய சாட்சி. ஸ்நூக்கரின் விதிகள் முதலில் வரையறுக்கப்பட்டது 1882-இல் நம் ஊட்டி கிளப்பில். 140 ஆண்டுக்கு மேல் ஆன பிறகாவது ராயபுரத்துச் சுவரில் அவை தமிழில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தாளில் எழுதியிருப்பது இது:

"முறைப்பந்தின் இரண்டு ஓரங்களில் ஒன்றையாவது நேர்கோட்டில் சென்று தொட முடியாதபடி வேறொரு பந்து வெள்ளையின் வழியில் நின்றால் அது மறிப்பு. எந்த ஓரத்தையும் தொட முடியாவிட்டால் முழுமறிப்பு. ஓர் ஓரம் மட்டும் தொட முடிந்தால் ஓரமறிப்பு."

"ஓரமறிப்பு" என்பதில் மட்டும் எனக்கு உறுதி வரவில்லை. "அரைமறிப்பு" என்றால் சரிபாதி மறைய வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள், நூலளவு மறித்தாலும் போதும் என்பதுதான் விதி. இதைவிட நல்லது தோன்றினால் புதன்கிழமைக்குள் எழுதுங்கள். வியாழக்கிழமை மண்ணடியில் அச்சுக்குக் கொடுக்கிறேன்.