ப்ரொடக்ஷன் எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட்: டெவலப்பர் லேப்டாப்பில் எதைப் போடுவது?

மூன்றுசுழி கேட்டது:
ப்ரொடக்ஷனில் விண்டோஸ் மேல் எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட் எடிஷன். அப்ளிகேஷன் டாட்நெட், இஎஃப் கோர் (கோடிலிருந்து டேட்டாபேஸை அணுகும் லைப்ரரி). கூடவே டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவைத்த நானூறு சொச்சம் ஸ்டோர்ட் ப்ரொசீஜர். இப்போது டீம் முழுக்க ஒரே டெவ் சர்வர். ஒருவர் டேபிளில் கை வைத்தால் அடுத்தவர் டெஸ்ட் விழுகிறது. ஆளுக்கொரு லோக்கல் டேட்டாபேஸ் தரப் போகிறோம். பட்டியலில் இருப்பவை எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்), லோக்கல்டிபி (டெவலப்பர்களுக்கான இலகுவான எஸ்க்யூஎல் சர்வர்), டாக்கர் கண்டெய்னரில் எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷன். லேப்டாப்பில் ரேம் 16 ஜிபி. லோக்கலில் சிரித்துவிட்டு ப்ரொடக்ஷனில் பல்லிளிக்காதது எது?

அரைப்புள்ளி:
எஸ்க்யூலைட்டை முதலிலேயே ஓரங்கட்டுங்கள். அதில் ஸ்டோர்ட் ப்ரொசீஜரே கிடையாது, பேச்சு அங்கேயே முடிந்தது. இஎஃப் வழியாகப் போகும் பகுதிக்காவது வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், அதுவும் வேண்டாம். வர்சார் 10 என்று அறிவித்த ஃபீல்டில் 50 எழுத்தைத் திணித்தாலும் வாய் திறக்காது. டெசிமல் டைப் இல்லை, இஎஃப் அதை டெக்ஸ்டாகச் சேமிக்கும். ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். உங்கள் சர்வர் சிஐ (கேஸ் இன்சென்சிட்டிவ்) கொலேஷனில், அதாவது எழுத்தை ஒப்பிடும் விதியில், இருந்தால் பார்க்காது. டெஸ்ட் பச்சையாக வரும், அந்தப் பச்சைக்கு மதிப்பு இருக்காது.

லோக்கல்டிபி நிஜ எஞ்சின்தான். ஏஜென்ட் (வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் சர்வீஸ்) இல்லை, ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி தாண்டாது, இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். வில்லங்கம் கொலேஷனில். லோக்கல்டிபி இன்ஸ்டன்ஸ் கொலேஷன் எஸ்க்யூஎல்_லேட்டின்1_ஜெனரல்_சிபி1_சிஐ_ஏஎஸ், அதை மாற்றவே முடியாது. ப்ரொடக்ஷன் வேறு கொலேஷனில் இருந்தால் பேக்கப்பை ரெஸ்டோர் செய்தபின் டேட்டாபேஸ் ஒரு கொலேஷன், டெம்ப்டிபி (தற்காலிக டேபிள்கள் இருக்கும் சிஸ்டம் டேட்டாபேஸ்) இன்னொரு கொலேஷன். டெம்ப் டேபிளின் வர்சார் ஃபீல்டு டெம்ப்டிபியுடையதை எடுத்துக்கொள்ளும். அதை நிஜ டேபிளோடு ஜாயின் செய்தால் கொலேஷன் மோதல், எரர் 468. ப்ரொசீஜரில் டெம்ப் டேபிள் உருவாக்கும் இடமெல்லாம் 'கொலேட் டேட்டாபேஸ்_டிஃபால்ட்' சேர்த்தால் தீரும். நானூறு ப்ரொசீஜரைத் திறந்து யார் சேர்ப்பது?

கண்டெய்னர்காரன்:
டாக்கர்தான், அதுவும் 2019 இமேஜையே (கண்டெய்னரை எழுப்புற ரெடிமேட் பேக்கேஜ்) எடுங்க. 2022 இமேஜில் எடுத்த பேக்கப் 2019-ல் ரெஸ்டோர் ஆகாது, கீழ்நோக்கி வழியே இல்லை.

கண்டெய்னர் முதல் தடவை எழும்போதே கொலேஷன் என்விரான்மென்ட் வேரியபிளைக் கொடுத்திடுங்க. எழுந்த பிறகு அதை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினா ஒண்ணும் நடக்காது. எஸ்ஏ (அட்மின் லாகின்) பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு நாலில் மூணு வகையாவது இருக்கணும். இல்லைன்னா கண்டெய்னர் எழுந்த கையோட படுத்துடும், காரணம் லாக்ல மட்டும்தான் தெரியும். ரேம் குறைந்தது 2 ஜிபி கேட்கும். மெமரி லிமிட் வைக்காம விட்டா கையில் கிடைக்கிறதில் 80 சதவீதம் வரை இழுக்கும். 16 ஜிபி லேப்டாப்புக்கு 3 அல்லது 4 ஜிபி போட்டால் போதும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் டைம்ஸோன். கண்டெய்னர் யுடிசி-யில் ஓடும். ப்ரொசீஜர்ல கெட்டேட் (இப்போதைய நேரம் தர்ற ஃபங்ஷன்) இருந்தா விண்டோஸ் சர்வர் தர்ற நேரமும் இதுவும் ஒத்துப்போகாது. 'இன்றைய ரசீதுகள்' மாதிரி குவெரியில் நள்ளிரவுக்குப் பக்கத்துல இருக்கிற வரிகள் தேதி மாறி விழும். டிஇசட் (டைம்ஸோன்) வேரியபிளைச் சர்வரோட ஸோனுக்கு வையுங்க.

விண்டோஸ் பேக்கப்பை ரெஸ்டோர் பண்ணும்போது பாத் பொருந்தாது, ஒவ்வொரு ஃபைலுக்கும் புது இடம் சொல்ற மூவ் ஆப்ஷன் கொடுக்கணும். ஃபைல்ஸ்ட்ரீம் (பெரிய ஃபைல்களை டிஸ்க்ல வைக்கிற வசதி) பயன்படுத்துறீங்கன்னா, கண்டெய்னர் ஓடுற லினக்ஸ்ல அது கிடையாது. அப்படின்னா விண்டோஸ்லயே டெவலப்பர் எடிஷனை நேரா இன்ஸ்டால் பண்ணிக்குங்க.

மூன்றுசுழி:
ஃபைல்ஸ்ட்ரீம் இல்லை. டெவலப்பர் எடிஷன் என்றால் என்டர்பிரைஸ் (ஸ்டாண்டர்டுக்கு மேலான எடிஷன்) வசதி எல்லாம் திறந்திருக்குமே? எங்களிடம் இருப்பது ஸ்டாண்டர்ட்.

அரைப்புள்ளி:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மைக்ரேஷன் ஸ்கிரிப்டில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) 'ஆன்லைன் = ஆன்' போட்டு இண்டெக்ஸை ரீபில்டு செய்தால் லோக்கலில் ஓடும், ஸ்டாண்டர்டில் எரர் 1712. இது சத்தம் போட்டு விழுவதால் பரவாயில்லை. இண்டெக்ஸ்டு வியூ (முடிவைச் சேமித்துவைக்கும் வியூ) சத்தமே போடாது: என்டர்பிரைஸ் ஆப்டிமைசர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், ஸ்டாண்டர்டில் நோஎக்ஸ்பேண்ட் ஹின்ட் தராவிட்டால் அடிப்படை டேபிளுக்கே போகும். கம்பாட்டிபிலிட்டி லெவல் 150-ல் ரோஸ்டோர் மேல் பேட்ச் மோடும் (சாதாரண டேபிளின் வரிகளைக் கூட்டமாகச் செயலாக்கும் முறை) அப்படித்தான், ஸ்டாண்டர்டில் வராது. லோக்கலில் டேட்டாபேஸ் ஸ்கோப்டு கான்ஃபிகரேஷனில் அதை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் குவெரி வேகத்தை நம்பி ஏமாறுவீர்கள்.

எஸ்கேயூ (எடிஷன்) ஃபீச்சர் டிஎம்வி-யை, அதாவது எடிஷன் சார்ந்த வசதிகளைக் காட்டும் சிஸ்டம் வியூவை, பார்த்தால் போதும் என்பார்கள். டேட்டாபேஸுக்குள் பதிந்துவிட்ட வசதிகளை மட்டுமே அது காட்டும்; ஆன்லைன் ரீபில்டு அதில் வராது. செலவில்லாத வழி ஒன்று: சிஐ-யில் (கோடைத் தானாக டெஸ்ட் செய்யும் பைப்லைன்; கொலேஷன் சிஐ அல்ல) அதே இமேஜை, எடிஷனைச் சொல்லும் பிஐடி வேரியபிளில் எக்ஸ்பிரஸ் என்று கொடுத்து எழுப்பி, காலி டேட்டாபேஸில் எல்லா மைக்ரேஷனையும் ஓட்டுங்கள். எக்ஸ்பிரஸிலும் ஆன்லைன் ரீபில்டு இல்லாததால் 1712 அங்கேயே விழும்.

ஓரெழுத்து:
இரண்டு சேர்க்கை. டேட்டாபேஸை ஸ்கிரிப்டிலிருந்து உருவாக்கினால் ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் (எழுதுபவர் படிப்பவரைத் தடுக்காமல் இருக்கும் அமைப்பு) ஆஃபில்தான் வரும். ப்ரொடக்ஷனில் அது ஆனில் இருந்தால் லோக்கலில் மட்டும் பிளாக்கிங் வரும். தலைகீழாக இருந்தால் டெட்லாக் ப்ரொடக்ஷனுக்குப் போனபின்தான் தெரியும். சிஸ் டேட்டாபேசஸ் வியூவில் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ப்ரொடக்ஷன் எக்ஸிக்யூஷன் பிளான் லோக்கலில் வேண்டுமென்றால் டிபிசிசி குளோன்டேட்டாபேஸ். டேட்டா வராது, ஸ்கீமாவும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் வரும். ஆனால் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குள் இருக்கும் ஹிஸ்டோகிராமில் (மதிப்புகளின் பரவலைக் காட்டும் பகுதி) நிஜ மதிப்புகள் இருக்கும்: வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் உட்பட. 'டேட்டாதான் இல்லையே' என்று நினைத்து லேப்டாப்புகளுக்கு அனுப்பிவிடாதீர்கள்.