மறு: ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ – ‘விரக்தி’ வேண்டாம், ‘இழுபறி’ என்று வைப்போமா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

நம் காந்தவியல் கலைச்சொல் பட்டியலில் ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ (frustration) என்பதற்கு நேரே ‘விரக்தி’ என்று இருக்கிறது; அதற்குப் பதில் ‘வடிவ முரண்’ என்று வைக்கலாம் என்று ஐயா சொல்லியிருந்தார். ‘விரக்தி’ அகராதிப்படி சரிதான். ஆனால் விரக்தி என்றால் பற்று விட்டுப்போன நிலை. இந்தச் சொல் குறிக்கும் காந்தப் படிகங்களில் தற்சுழற்சிகளின் (ஸ்பின், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) பற்று கொஞ்சமும் குறைவதில்லை. எல்லா அண்டையாரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியவில்லை, அவ்வளவுதான். எனவே அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.

ஐயா சொன்ன ‘வடிவ முரண்’ நெருங்கி வருகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூன்று தற்சுழற்சிகள். அண்டையார் மேல் நோக்கினால் தான் கீழ் நோக்க வேண்டும் என்பது விதி. முதலாவது மேலே, இரண்டாவது கீழே. மூன்றாவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரிடம் விதி மீறும். இருதலைக்கொள்ளி எறும்புதான். இங்கே பழி முழுக்க வடிவத்தின் மேல்.

சரி, தேன்கூட்டு அணிக்கோவைக்கு (அறுகோணங்களாக அணுக்கள் அடுக்கிய அமைப்பு) வாருங்கள். ஒரு தாளில் அறுகோணம் வரைந்து மூலைக்கு மூலை மேல், கீழ், மேல், கீழ் என்று அம்பு போட்டுப் பாருங்கள். ஆறாவது அம்பு முதல் அம்போடு அழகாகப் பொருந்திவிடும். வடிவத்தில் முரணே இல்லை! ஆனால் 2006இல் இயற்பியலாளர் கிட்டாயெவ் வெளியிட்ட மாதிரியில் இதே தேன்கூட்டில் சிக்கல் முற்றிவிடுகிறது. ஒவ்வோர் அயனிக்கும் மூன்று பிணைப்புகள். ஒன்று எக்ஸ் அச்சில் இணங்கு என்கிறது, அடுத்தது ஒய் அச்சில், மூன்றாவது இசட் அச்சில். மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் ஒரு தற்சுழற்சி என்ன செய்யும்? இதை ‘வடிவ முரண்’ என்றால் படிக்கிற மாணவர் தவறான இடத்தில் காரணம் தேடுவார்.

இட்டெர்பியம் போன்ற அருமண் தனிமங்களின் படிகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறுதியானது. இட்டெர்பியம் டிரைகுளோரைடு, இட்டெர்பியம் டிரைபுரோமைடு இரண்டிலும் இட்டெர்பியம் அயனிகள் தேன்கூட்டு அடுக்குகளாக உட்கார்ந்திருக்கின்றன. அயனி ஒன்றுக்கு 13 எஃப் எலக்ட்ரான்கள். தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் பின்னிக்கொள்வதால் தாழ்வெப்பத்தில் அது அரைத் தற்சுழற்சி (அளவு ½ உள்ள, மிகச் சிறிய தற்சுழற்சி) போலவே நடந்துகொள்கிறது. குளோரைடில் கிட்டாயெவ் விளைவு இருக்கும் என்று ஆவலோடு தேடினார்கள். கிடைத்ததோ, திசை பார்க்காத சாதாரண ஹைசன்பெர்க் இடைவினை. சுமார் 0.6 கெல்வினில் மேல்-கீழ் என்று ஒழுங்காக அணிவகுத்துவிடுகிறது. புரோமைடிலோ 0.1 கெல்வின் வரை குளிர்வித்தும் நெடுந்தொலைவு ஒழுங்கு (படிகம் முழுக்க நீளும் அணிவகுப்பு) தென்படவில்லை. பக்கத்து வீட்டார் ஒன்று சொல்ல, அதற்கடுத்த வீட்டார் வேறு சொல்வதுதான் அங்கே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஹாலைடு (குளோரைடா, புரோமைடா என்பது) ஒன்றுதான் மாறியிருக்கிறது, நடத்தையோ இத்தனை தூரம் விலகிவிட்டது. எனக்கு இது இன்னும் வியப்புதான்.

ஆக, காரணம் முக்கோண வடிவமாக இருக்கலாம், பிணைப்பின் திசையாக இருக்கலாம், தொலைவு அண்டையாராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது ‘இழுபறி’ என்ற சொல்தான். வடிவ இழுபறி, பிணைப்பு இழுபறி, இழுபறிக் காந்தம் என்று கூட்டுச்சொற்களும் நாக்கில் தடுக்காமல் வருகின்றன.

தொகுதிப் பங்கீட்டுச் செய்தியில் வரும் சொல்லாயிற்றே என்று சிலர் தயங்கலாம். ஆங்கிலத்திலும் ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ வீட்டுப் பேச்சுச் சொல்தான். 1977இல்தான் இயற்பியலாளர் துலூஸ் அதைக் காந்தவியலுக்குள் கொண்டுவந்தார். இன்னொரு தடை கொஞ்சம் கனமானது: இழுபறி என்றால் என்றாவது முடிவுக்கு வரும் என்ற தொனி உண்டே? உண்டு. ஆனால் ருத்தேனியம் டிரைகுளோரைடைப் பாருங்கள். கிட்டாயெவ் இழுவை அங்கே வலுவாகவே இருக்கிறது, ஆனாலும் சுமார் 7 கெல்வினில் குறுக்குமறுக்கு வரிசையாக ஒழுங்குபட்டுவிடுகிறது. சில இடத்தில் முடிகிறது, சில இடத்தில் முடிவதே இல்லை. சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.

ஐயா, பெயரடை வடிவம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘இழுபறிப்பட்ட தற்சுழற்சி’ என்பது காதில் உறுத்துகிறது. ‘இழுபறித் தற்சுழற்சி’ என்று விட்டுவிடலாமா?