சிடி டிரைவ் காணோம்: கேபிளா, ரெஜிஸ்ட்ரியா?

பழையபெட்டி:
2004-ல் வாங்கிய பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. அக்கா கல்யாண விசிடியைப் பார்க்கவேண்டும் என்று அம்மா கேட்டதால் தூசி தட்டி எடுத்தேன். டிரே திறக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் டிரைவே இல்லை. போன வாரம் பழைய சிடி எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கினேன். புது டிரைவ் வாங்கிவிடவா?

கம்பிக்காரன்:
வாங்காதீர்கள். ஐடிஇ ரிப்பன் கேபிளை, அதாவது டேட்டா போகும் பட்டைக் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், சிவப்புக் கோடு பவர் பக்கம் இருக்கவேண்டும். ஜம்பரையும் பாருங்கள், டிரைவின் பின்னால் மாஸ்டரா ஸ்லேவா என்று குறிக்கும் சின்னச் செருகி அது. ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் மாஸ்டராக இருந்தால் தகராறுதான்.

ரெஜிஸ்ட்ரி ராமு:
ஜம்பர் என்ன, ராத்திரியில் எழுந்து நடந்து இடம் மாறியதா? மென்பொருளை நீக்கினேன் என்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அது விட்டுப்போன ஃபில்டர் பதிவுதான், சிடி டிரைவை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏறவிடாமல் தடுக்கிறது. டிரே திறக்கிறதே, டிரைவ் நல்லாத்தான் இருக்கிறது.

கம்பிக்காரன்:
டிரே திறக்க நாலு முனை பவர் வயர் போதும். டேட்டா கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் திறக்கும், விளக்கும் எரியும். அது ஒரு சாட்சியா?

ரெஜிஸ்ட்ரி ராமு:
சரி, அது நியாயம். அப்படியானால் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் சொல்லட்டும். தம்பி, கம்ப்யூட்டர் கிளம்பும்போது டெலிட் விசையைத் தட்டி உள்ளே போங்கள். டிரைவ் பெயரே இல்லை, அல்லது எழுத்துகள் கன்னாபின்னா என்று தெரிகிறது என்றால் கேபிள், ஜம்பர் பக்கம் போங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். பெயர் சுத்தமாக இருந்தால் விண்டோஸ்தான்.

பழையபெட்டி:
செகண்டரி மாஸ்டரில் பெயர் தெளிவாக இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 39.

ரெஜிஸ்ட்ரி ராமு:
அதேதான், கோட் 39 என்றால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டில் கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ். அங்கே 4டி36இ965 என்று தொடங்கும் கீ. முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வையுங்கள். பிறகு வலப்பக்கம் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசி எண்ணைப் பார்த்துத் தொடுங்கள்: 967 என்று முடிவது ஹார்ட் டிஸ்க்குடையது. அங்கே கைவைத்தால் விண்டோஸே கிளம்பாது.

கம்பிக்காரன்:
வயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பார்கள், இது மட்டும் விளையாட்டு!

பழையபெட்டி:
வந்துவிட்டது அண்ணே! முதல் சிடி ஓடியது. இரண்டாவது முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் நின்று கர்ர் கர்ர் என்கிறது. அம்மா என்னை முறைக்கிறார்.

கம்பிக்காரன்:
இப்போது என்னிடம் வாருங்கள். சிடியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மென்துணியால் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்படியும் நின்றால் லென்ஸில் தூசியாக இருக்கும். ஓடிய முதல் சிடியை இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ரி ராமு:
இதில் சண்டை இல்லை. காப்பி முதலில்.