போன் பதிப்பில் வந்த பணத்தை என்ன செய்வது?

தொகுப்பி:
வணக்கம். நாம் ஆர்வத்தால் சேர்ந்து செய்யும் விளையாட்டின் போன் பதிப்பைக் காசுக்கு விற்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. கணினிப் பதிப்பு எப்போதும் போல இலவசம். மூல நிரல் திறந்தே இருக்கிறது. யாரும் எடுத்து மாற்றலாம், பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்திலும் மாற்றமில்லை. ஆப் ஸ்டோர்களின் பங்கு போக மீதி என் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதுதான் எனக்கு உறுத்தல். வரியும் என் பெயரில், சந்தேகமும் என் மேல். இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: கமிட் (ஒருவர் திட்டத்தில் பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றமும்) எண்ணிக்கைப்படி எல்லாருக்கும் பிரிப்பது, ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது, செலவுக்கு மட்டும் எடுப்பது. பேசித் தீர்த்துவிடலாம்.

எழுத்தாணி:
எட்டு வருடமாக மொழிபெயர்ப்பு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கமிட்டை எண்ணிக் காசு கொடுப்பது அநியாயம். போன மாதம் '1 வீரர்கள் வீழ்ந்தனர்' என்று திரையில் வந்ததே, அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று இரவு ஆனது. நிரலில் ஒருமைக்குத் தனி வரியே இல்லை. அந்த வரி எங்கெல்லாம் கூப்பிடப்படுகிறது என்று தேடித் தேடித் திருத்தி அனுப்பியது ஒரே கமிட். அதே வாரம் இன்னொருவர் கோப்புகளில் இருந்த தேவையில்லாத இடைவெளிகளை நீக்கி நாற்பது கமிட் போட்டார். அதுவும் வேலைதான். ஆனால் எனக்கு ஒரு பங்கு, அவருக்கு நாற்பது பங்கா?

சம்பளமும் வேண்டாம். 2006-இல், தன்னார்வலர்கள் செய்யும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எட்ச் பதிப்பை நேரத்துக்கு முடிக்க, வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு மட்டும் பணம் தர டங்க்-டேங்க் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 'அவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று கசப்பு வந்தது, சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய எட்ச் 2007 ஏப்ரலில்தான் வந்தது.

கரிக்கோல்:
கமிட் கணக்கு வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் எட்ச் தாமதத்துக்கு அந்தப் பணம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய சார்ஜ் பதிப்பு யாருக்கும் காசு தராமலேயே மூன்று வருடம் இழுத்தது.

நம் வில்லாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு விடும் காட்சிக்கு மட்டும் ஒன்பது ஃபிரேம். நாணை இழுக்கும்போது முழங்கை ஒரு பிக்சல் மேலே போனாலும் தோள் கழன்றது போலத் தெரியும். ஒரு திசைக்கு முடித்தால் அடுத்த திசைக்கு மறுபடி முதலிலிருந்து. என் ஞாயிற்றுக்கிழமைகள் நாலைந்து அதில் போயின, சந்தோஷமாகத்தான் போயின. ஆனால் குதிரை வீரன் இரண்டு வருடமாகக் கால் அசையாமல் வழுக்கிக்கொண்டே போகிறான். குதிரைக்கு நாலு கால், யாரும் தொட வரவில்லை. நிரல் எழுதுகிறவர்களில் பலருக்கு வேறு இடத்தில் மாதச் சம்பளம் இருக்கிறது. ஓவியருக்கு வரைவதுதான் சோறு. அவரிடம் போய் 'ஆர்வத்துக்காகச் செய்யுங்கள்' என்று எத்தனை தடவை கேட்பது?

வெஸ்னாத் என்ற திறந்த மூல விளையாட்டைப் பாருங்கள். 2003-இலிருந்து நடக்கிற திட்டம். கணினியில் இலவசம், ஐபோனில் விலை. அந்தப் பணம் தனி ஆளுக்குப் போகாமல் வெஸ்னாத் இன்க் என்ற லாப நோக்கற்ற அமைப்புக்குப் போகிறது, அதிலிருந்து ஓவியத்துக்குச் செலவிடுகிறார்கள். திட்டம் ஒன்றும் உடைந்துவிடவில்லை.

எழுத்தாணி:
குதிரை வீரன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, உண்மைதான். என் பயம் அடுத்து வருகிறவரைப் பற்றியது. நான் முன்பு இருந்த ஒரு சின்னத் திட்டத்தில் சோதனை செய்ய ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்தோம். அதுவரை பத்துப் பேர் விளையாடிப் பார்த்துப் பிழை எழுதி அனுப்புவார்கள். 'அதான் காசு வாங்குகிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒவ்வொருவராக விலகினார்கள். ஆறு மாதத்தில் பணம் தீர்ந்தது, அவரும் போனார். அந்தப் பத்துப் பேர் திரும்பவே இல்லை. அதை நான் மறக்கத் தயாராக இல்லை.

உரிமப்பிள்ளை:
இருவரும் தாண்டிப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது. விற்பதை ஜிபிஎல் தடுக்கவில்லை. மைண்டஸ்ட்ரி என்ற விளையாட்டு, ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது, அதன் மூல நிரல் ஜிபிஎல்லில் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் நம் திட்டத்தில் யாரும் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் வரைந்த ஒவ்வொரு படமும் அவரவருக்கே சொந்தம். ஒருவர் மனம் கசந்தாலே போதும். விஎல்சி வீடியோ பிளேயர் 2011 ஜனவரியில் ஐபோன் ஸ்டோரிலிருந்து போனது எதனால்? அதை எழுதியவர்களில் ஒருவர், ஸ்டோரின் விதிகள் ஜிபிஎல்லுக்கு ஒத்துவராது என்று புகார் கொடுத்ததால். பங்களித்தவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி, உரிமத்தை மாற்றி, அது திரும்பி வர 2013 ஆயிற்று.

நெக்ஸுயிஸ் என்ற திறந்த மூல விளையாட்டின் கதை இன்னும் வலிக்கும். 2010-இல் அதைத் தொடங்கியவர், பெயரைப் பயன்படுத்தும் உரிமையை இல்ஃபானிக் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தார். வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரும்பாலானவர்கள் வெளியேறி அதே நிரலை வைத்து ஸோனாட்டிக் என்று தனி விளையாட்டாக ஃபோர்க் எடுத்தார்கள். எவ்வளவு பணம் என்பதை விட, தங்களைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களை வெளியே தள்ளியது என்று நான் நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை, பணம் தொகுப்பியின் கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும். ஸீரோ ஏ.டி. என்ற திறந்த மூல விளையாட்டின் நன்கொடைகளை எஸ்பிஐ (வங்கி அல்ல, 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்') என்ற பொது அமைப்பு 5 சதவீதம் எடுத்துக்கொண்டு பராமரிக்கிறது. ஆனால் நமது விற்பனை வருமானம். நன்கொடை வாங்குகிற எல்லா அமைப்பும் அதை வாங்காது, கேட்டுப் பார்க்க வேண்டும்.

கரிக்கோல்:
அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோமா? செய்து முடித்த வேலைக்கு யாருக்கும் காசு கிடையாது, எனக்கும்தான். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வேலை ஓராண்டு முழுக்கப் பட்டியலில் கிடந்து யாரும் எடுக்கவில்லை என்றால் மட்டும், தொகையை முன்கூட்டியே எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டு வெளி ஓவியரிடம் கொடுப்போம். வரைந்ததும் அதே உரிமத்தில் வர வேண்டும்.

எழுத்தாணி:
மாதச் சம்பளம் இல்லை என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி இருக்கிறது: பணம் இருக்கிறது என்று தெரிந்தால், ஓராண்டு கிடக்கட்டும் என்று வேலையைத் தொடாமல் விடுகிறவர்கள் வருவார்கள். வாக்கெடுப்பு வந்தால் குதிரை வீரனுக்கு மட்டும் சரி என்று போடுவேன், பொது விதிக்கு இல்லை.

தொகுப்பி:
சரி, குதிரை வீரனோடு தொடங்குவோம். விதியை அது முடிந்த பிறகு பேசலாம். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்: ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் சந்தா இதுவரை என் கையிலிருந்துதான் போகிறது, முதல் வருடத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் சொல்லுங்கள். மாத வாரியான வரவுக் கணக்கை இன்று இரவு இங்கேயே போடுகிறேன்.

எழுத்தாணி:
அந்த 99 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அதற்கெல்லாம் வாக்கெடுப்பு வேண்டாம்.