பொருள்: டிரான்சியன்டுக்குத் தமிழ் என்ன?

மண்டபத்திலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு சோதனை: 2 ஹென்றி மின்தூண்டி, சுருளின் தடையும் சேர்த்து 100 ஓம், 10 வோல்ட் டிசி. சுவிட்சைப் போட்ட 20 மில்லிநொடியில் மின்னோட்டம் 63 மில்லிஆம்பியர். 100 மில்லிநொடியில் 99. பிறகு 100-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. நின்றதற்கு ‘நிலைத்த நிலை’ என்று எழுதிவிட்டேன். அதற்கு முந்திய ஏற்றத்துக்கு, அதாவது டிரான்சியன்டுக்கு, ‘நிலையற்ற நிலை’ போடலாமா?

தொண்டியிலிருந்து:
வேண்டாம் தம்பி. நிலையற்றது என்றால் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும் சுற்று என்று பையன்கள் நினைப்பார்கள். இதுவோ தானாக அடங்கும் சுற்று. ‘மாறுநிலை’யைப் பள்ளி இயற்பியல் மாறுநிலைக் கோணத்துக்கு எடுத்துக்கொண்டது, ‘இடைநிலை’யை வேதியியல் தனிமங்களுக்குக் கொடுத்தாயிற்று. ‘கழிநிலை’ என்பேன். பொழுது கழிந்தது என்கிறோமே, அந்தக் கழி.

கீழக்கரையிலிருந்து:
அய்யா, கழி உரிச்சொல்லாயிற்றே! ‘சால உறுதவ நனிகூர் கழிமிகல்’ என்கிறது நன்னூல். கழிபேருவகை என்றால் மிகப்பெரிய மகிழ்ச்சி. கழிநிலையை உச்சநிலை என்று ஒருவன் படித்தால் அவன்மேல் பிழை சொல்ல முடியாது. அதோடு நம் கரையில் கழி என்றால் உப்பங்கழிதான். நெய்தல் பாட்டில் வரும் ‘இருங்கழி’யும் அதுவே. தேங்கிக் கிடக்கும் நீரின் பெயரை நில்லாமல் போவதற்கு வைப்பதா?

தொண்டியிலிருந்து:
கடலை விட்டுக் கழிந்து உள்ளே வந்த நீர் என்பதால்தான் அது கழி. வேர் ஒன்றே என்பது என் துணிபு.

இராமேசுவரத்திலிருந்து:
விசைப்படகுகளில் மின்வேலை பார்க்கிறவள் நான். ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) சுருளைத் துண்டிக்கையில் தொடுமுனையில் பொறி பறக்கும். அங்கே மின்னோட்டம் இறங்குகிறது. அதற்கும் பொருந்தும் சொல்தான் வேண்டும். பட்டறையில் ‘செட்டில் ஆகட்டும்’ என்போம். ‘அடங்குமுன்’, ‘அடங்கியபின்’ என்று எழுதினால் யாருக்குத்தான் விளங்காது? ஏசிக்கு வந்தால் ‘நிலைத்த நிலை’யும் உறுத்துகிறது. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. வீச்சும் (அலையின் உச்ச அளவு) கட்டமும் (ஃபேஸ்) மாறாதிருப்பதைத்தான் நிலைத்தது என்கிறோம். அதைப் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மண்டபத்திலிருந்து:
சேர்த்துவிட்டேன் அக்கா. இன்னும் இழுக்க நேரமில்லை. பெரும்பாலோர் ‘கழிநிலை’க்குச் சரி என்றுவிட்டார்கள். முதல் இடத்தில் மட்டும் ‘கழிநிலை (அடங்குமுன்)’ என்று போகும்.

கீழக்கரையிலிருந்து:
என் மறுப்பு பதிவாகட்டும். மின்னோட்டம் ஏறினாலும் இறங்கினாலும், இறுதி மதிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு தணிந்துகொண்டேதான் போகிறது. அடுத்த பதிப்பில் ‘தணிநிலை’யை எடுத்துப் பேசுவோம்.