தாராளவாதம் பிறந்தது லாக்கின் இங்கிலாந்திலா, காதிஸ் துறைமுகத்திலா?

தாழை:
என் தங்கை போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதியிருந்தது: ‘தாராளவாதத்தின் தந்தை ஜான் லாக்.’ இது சரியில்லையே என்றேன். “விடை இதுதான் அண்ணா, மாற்றி எழுதினால் மார்க் போய்விடும்” என்றாள். தேர்வுக்கு அப்படியே இருக்கட்டும். வரலாறாகப் பார்த்தால் அது தப்பு என்பது என் கட்சி.

தாராளவாதம் என்றால் லிபரலிசம், தனிமனிதனின் சுதந்திரத்தையும் உரிமையையும் முன்வைக்கும் அரசியல் கொள்கை. ஆங்கிலத் தத்துவவாதியான லாக் 1704-ல் இறந்தார். தன்னை அவர் லிபரல் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு லிபரல் என்றால் கைதாராளம் உள்ளவன் என்று பொருள். பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதும்போதுகூட, தன்னிடம் இருப்பதை நண்பர்களுக்கு மனம் கோணாமல் கொடுக்கப் பழக்குங்கள் என்று சொல்லும் இடத்தில்தான் இந்தக் குணத்தைப் பேசுகிறார். தமிழில் ‘தாராளவாதம்’ என்கிறோமே, அந்தப் பழைய பொருள்தான் நம் சொல்லில் தங்கியிருக்கிறது.

அரசியல் அணி ஒன்றின் பெயராக அந்தச் சொல் நிலைபெற்றது ஸ்பெயினில். நெப்போலியன் படை நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது, மன்னர் பிரான்சில் சிறையில். கடல் சூழ்ந்த காதிஸ் விழவில்லை. 1810 செப்டம்பரில் பக்கத்துத் தீவு நகரத்தில் கூடிய நாடாளுமன்றம் அடுத்த ஆண்டு காதிஸ் நகரின் சான் ஃபெலிப்பே நேரி தேவாலயத்துக்கு இடம் மாறியது. முட்டை வடிவக் கட்டடம். மேல்மாடத்தில் பொதுமக்கள் நின்று விவாதம் கேட்டார்கள். விரிகுடாவுக்கு அக்கரையில் பிரெஞ்சுப் பீரங்கிகள். இந்த அவையில்தான் பத்திரிகைச் சுதந்திரம் கேட்டவர்கள் ‘லிபராலெஸ்’ ஆனார்கள், எதிர்த்தவர்களுக்கு ‘செர்விலெஸ்’, அதாவது அடிமைப்புத்திக்காரர்கள், என்று பெயர் விழுந்தது. 1812 மார்ச் 19-ல் அரசியல் சட்டம் வந்தது. இறையாண்மை தேசத்துடையது, மன்னருடையது அல்ல என்று எழுதிவைத்தார்கள்.

வைகைக்கரையான்:
தாழை, பிள்ளை பிறந்து சில நாள் கழித்துத்தான் பெயர் வைக்கிறோம். பெயர் வைத்த நாளைப் பிறந்த நாளாக ஆக்கிவிட்டீர்கள்.

அரசன் ஆள்வது மக்களின் சம்மதத்தால், அந்த நம்பிக்கையை அவன் உடைத்தால் மக்கள் அவனை நீக்கலாம் என்று 1689-ல் அச்சேற்றியவர் லாக். அதை எழுதிய சூழலைப் பாருங்கள். 1683-ல் ஆல்ஜெர்னான் சிட்னி என்பவரைத் தேசத்துரோகக் குற்றத்துக்காக விசாரித்தார்கள். சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும். கிடைத்தது ஒன்று. இரண்டாவது சாட்சியாக அவர் மேசையிலிருந்த கையெழுத்துப் பிரதியையே நிறுத்தினார் நீதிபதி ஜெஃப்ரிஸ். எழுதுவதும் ஒரு செயல்தான் என்று சொல்லிவிட்டார். அந்தத் தாள்களில் இருந்ததும் ஏறக்குறைய லாக்கின் வாதம்தான். சிட்னியின் தலை போயிற்று. லாக் அதே ஆண்டு ஹாலந்துக்குத் தப்பி ஓடினார். திரும்பி வந்து நூலை வெளியிட்டபோதும் பெயர் போடவில்லை. நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டது உயிலின் கடைசிச் சேர்க்கையில். உயிரைப் பணயம் வைத்து வந்த கருத்து ஐயா இது. ‘லிபரல்’ என்ற முத்திரை இல்லை என்பதற்காக இதைத் தள்ளிவிடுவதா?

தாழை:
லாக்கின் துணிச்சலை நான் எங்கே மறுத்தேன்? அவருடைய வாரிசுகளுக்கு இங்கிலாந்தில் விக் என்று பெயர் இருந்தது. அது ஒரு தனி மரபு, பெரிய நிலக்கிழார்களின் கட்சி. காதிஸுக்குப் பிறகு, விக்குகளை இழிவுபடுத்த எதிர்க்கட்சியான டோரிகள்தான் ‘லிபராலெஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லை அப்படியே எடுத்து அவர்கள்மேல் வீசினார்கள். வசைதான் பிறகு பெயரானது. லிபரல் கட்சி என்று ஒன்று லண்டனில் உருவானது 1859 ஜூனில். லாக்கை அதன் மூலபுருஷராக உட்காரவைத்த வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுடையது. பாசிசத்தையும் கம்யூனிசத்தையும் எதிர்த்து நின்றவர்களுக்கு நீளமான வம்சாவளி ஒன்று தேவைப்பட்டது.

செங்காந்தள்:
இரண்டு பேரும் தொட்டில் யாருடையது என்று சண்டை போடுகிறீர்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாக் அமெரிக்காவின் கரோலினா குடியேற்ற உரிமையாளர்களின் செயலாளர். அவர் பங்கெடுத்துத் தயாரான 1669 சாசனம், ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள்மேல் முழு அதிகாரம் உண்டு என்கிறது. காதிஸ் மட்டும் என்ன? 22-ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. நற்குணம், தகுதி என்ற கதவு திறந்திருக்கிறதாம், நாட்டுக்குச் சேவை செய்து விண்ணப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கதவு என்ற சொல்லே அந்த விதியில் இருக்கிறது. படித்தபோது வயிறு எரிந்தது.

வேர் வேண்டுமென்றால் 1647-க்குப் போங்கள். உள்நாட்டுப் போரில் மன்னரைத் தோற்கடித்த படை, லண்டன் பக்கத்தில் புட்னியில் கூடி வாக்குரிமை பற்றி விவாதித்தது. இங்கிலாந்தின் மிக ஏழைக்கும் பெரிய மனிதனைப்போல வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நாட்டில் நிலையான சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்று மறுத்தார் படைத்தளபதி அயர்ட்டன். லாக்கும் காதிஸும் அயர்ட்டன் பக்கம் என்பது என் கருத்து.

வைகைக்கரையான்:
கரோலினா விஷயத்தில் உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது லாக்கின்மேல் படிந்த கறைதான்.

ஆனால் புட்னி வேராக முடியாது. அந்தப் பேச்சுகளை வில்லியம் கிளார்க் என்ற செயலாளர் குறிப்பெடுத்து வைத்தார். அது ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1890 வாக்கில்தான் வெளியே வந்தது. லாக் படிக்கவில்லை, அமெரிக்க விடுதலைப் பிரகடனம் எழுதிய ஜெஃபர்சன் படிக்கவில்லை. யாருமே படிக்காத பேச்சிலிருந்து ஒரு மரபு எப்படிக் கிளைக்கும்?

செங்காந்தள்:
பேச்சு பெட்டிக்குள் கிடந்தது, சரி. கோரிக்கை கிடக்கவில்லை. அது ‘மக்களின் ஒப்பந்தம்’ என்று அப்போதே அச்சாகிவிட்டது. அந்த நவம்பரில் வேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் அணிவகுப்பு நடந்தபோது, சிப்பாய்கள் அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டு நின்றார்கள். கிளர்ச்சி என்று சொல்லி ரிச்சர்ட் ஆர்னால்ட் என்ற சிப்பாயை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். சிட்னிக்காக வருந்துகிறீர்களே, ஆர்னால்டுக்காகவும் வருந்துங்கள்.

தாழை:
வைகைக்கரையான், நீங்கள் அவரிடம் கேட்ட கேள்வியையே உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். லாக்கிலிருந்து காதிஸுக்குச் சங்கிலி எங்கே? காதிஸ் சட்டத்தின் முன்னுரையே, இதில் புதிதாக ஒன்றும் இல்லை, காஸ்டில், அரகோன் நாட்டுப் பழைய சட்டங்களிலிருந்து எடுத்ததுதான் என்கிறது.

வைகைக்கரையான்:
எழுதியவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? பிரெஞ்சுக் குண்டு தலைக்கு மேலே பறக்கும்போது, பிரெஞ்சுக்காரனிடம் கற்றோம் என்று எழுத முடியுமா? சட்டத்தின் எலும்பைப் பாருங்கள். ஒற்றை அவை. மன்னர் ஒரு மசோதாவைத் தள்ளிப்போடலாம், அடியோடு கொல்ல முடியாது. இரண்டும் 1791 பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் இருப்பவை. அதற்கு முன் பிரான்சின் 1789 உரிமைப் பிரகடனம், அதற்கு முன் 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனம். அமெரிக்காவுக்குப் பின்னால் லாக்.

இன்னொன்று. காதிஸின் 12-ஆம் விதி கத்தோலிக்க மதமே ஒரே உண்மை மதம், வேறெந்த வழிபாட்டுக்கும் இடமில்லை என்கிறது. மனசாட்சிக்குச் சுதந்திரம் தராத ஒன்றைத் தாராளவாதத்தின் தொட்டில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செங்காந்தள்:
லாக் பேசிய மதச் சகிப்புத்தன்மையில் நாத்திகருக்கு இடமில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பெயர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் வந்தவை. வலது, இடது என்பது 1789-ல் பிரெஞ்சு அவையில் உட்கார்ந்த பக்கத்திலிருந்து வந்தது. 1818-ல் பாரிசில் ‘கன்சர்வேட்டர்’ என்று ஒரு பத்திரிகை. 1820-களில் பிரிட்டனின் கூட்டுறவுச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் ஆதரவாளர்களிடம் ‘சோசலிஸ்ட்’. எதிராளி இருந்ததால்தான் ஒவ்வொருவருக்கும் பெயர் தேவைப்பட்டது. இதில் நான் தாழை பக்கம்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. காதிஸ் சட்டத்தின் ஓர் அச்சுப் பதிப்பு கல்கத்தாவின் ராம்மோகன் ராய்க்கு அர்ப்பணிக்கப்பட்டது, அவருடைய ‘லிபரலிசத்துக்கு’ என்று போட்டு. 1820-ல் நேப்பிள்ஸ் மக்கள் அதே காதிஸ் சட்டத்தைத் தங்கள் நாட்டுக்கும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரியப் படை அதை நசுக்கியது. செய்தி கல்கத்தாவுக்கு வந்த அன்று மாலை, பத்திரிகையாளர் பக்கிங்ஹாமைப் பார்க்கப் போக வேண்டியிருந்த ராம்மோகன், மனம் சோர்ந்துவிட்டது, இன்று வர முடியாது என்று கடிதம் அனுப்பினார். 1821 ஆகஸ்ட் 11. நேப்பிள்ஸ் மக்களின் வழக்கு என் வழக்கு, அவர்கள் எதிரிகள் நம் எதிரிகள் என்று எழுதினார்.

அப்புறம், 1916-ல் சென்னையில் நீதிக்கட்சி தொடங்கியபோது அதன் ஆங்கிலப் பெயர் சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். தமிழில் ‘தென்னிந்திய நல உரிமைச் சங்கம்’ என்றார்கள். ‘தாராளம்’ அங்கே வரவில்லை, ‘உரிமை’ வந்தது. எனக்கு அதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

வைகைக்கரையான்:
ராம்மோகனின் கடிதம் எனக்குப் புதிது ஐயா. மேல்நாட்டுத் துறைமுகத்தில் எழுதிய காகிதத்துக்காகக் கல்கத்தாவில் ஒருவர் மாலைச் சந்திப்பை ரத்து செய்திருக்கிறார். இயக்கம் காதிஸில் தொடங்கியது என்பதை ஏற்கிறேன். கருத்து லாக்கிடமிருந்து என்பதில் மாற்றமில்லை. 12-ஆம் விதிக்குத் தாழை இன்னும் பதில் சொல்லவில்லை.

தாழை:
சொல்கிறேன். அவையில் பாதிரிமார் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களை இழந்தால் பத்திரிகைச் சுதந்திரமும் போயிருக்கும். அதற்குக் கொடுத்த விலை அந்த விதி. அதே அவைதான் 1813-ல் மதக்கொள்கையை மீறியவர்களைத் தண்டித்த இன்குவிசிஷன் நீதிமன்றத்தை ஒழித்தது. விலை அதிகம் என்று நீங்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. செங்காந்தள் காட்டிய 22-ஆம் விதிக்கோ இந்தச் சமாதானமும் இல்லை.